தன்னானே பாடிய பேராசிரியர்

(கோட்டக்குப்பத்தில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "இருபது நிமிஷம் பேசணும்பா, உன் வேலையைப் பத்தி ஏதாவது சொல்லு" என்றார். நான் பார்ப்பது துணைமின் நிலையங்களில் ரிலே சோதிக்கிற வேலை. அதைப் பற்றிச் சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிஷம் பேசினால் பத்தாவது நிமிஷத்தில் பாதிப் பேர் பந்தியில் இருப்பீர்கள். அதனால் ஒரு பாட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "பாட்டா, உனக்கா?" என்று சிரித்தார். நியாயமான சிரிப்புதான். எனக்குப் பாட வராது. முதலாண்டில் ராகிங்கில் பாடச் சொல்லி, இரண்டு வரி கேட்டதுமே "போதும்பா, உட்காரு" என்று சீனியர்களே விட்டுவிட்டார்கள்.

வெளியூர் நண்பர்களுக்காக முதலில் கொஞ்சம் வழி சொல்கிறேன். இந்த மண்டபத்தை விட்டு வெளியே வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி, அப்புறம் காலாப்பட்டு. மிஞ்சிப் போனால் எட்டு கிலோமீட்டர் இருக்கும். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். அதற்குள்ளே சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி. தமிழ் நாடகத்துக்கே தலைமையாசிரியர் என்று சொல்கிற சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் காலமானார். அவர் சமாதி நமக்குப் பக்கத்துக் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் பெயரில் உள்ள அந்தப் பள்ளியில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்தவர் முனைவர் கே.ஏ. குணசேகரன். நாட்டுப்புறப் பாடகர், பாட்டு கட்டியவர், நாடகம் எழுதியவர், ஆய்வாளர்.

நான் நாலு வருஷம் அந்தப் பல்கலைக்கழக வாசலைத் தாண்டித்தான் கல்லூரிப் பேருந்தில் போய் வந்தேன். அப்புறம் வேலைக்குப் போனபோதும் அதே சாலைதான். ஒரு தடவைகூட உள்ளே போய் அவர் பாடிக் கேட்கவில்லை. அப்படி ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. தெரிய வைத்தவன் என் வகுப்புத் தோழன். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான், சொல்லவில்லை. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பேசுகிறேன்.

மூன்றாம் ஆண்டு கலைவிழா உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 'கிராமிய நடனம்' என்று ஒரு அயிட்டம். சினிமாப் பாட்டு ஓடும், அதற்குத் தலைப்பாகை கட்டி நாங்கள் எட்டுப் பேர் ஆடுவோம். கையில் அட்டையில் செய்து வண்ணம் தீட்டிய பறை. ஒத்திகை நடக்கும்போது இவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இரண்டு விரலால் பலகையில் தட்டிக்கொண்டிருப்பான். நாங்கள் தவறுகிற இடத்தில் அவன் விரல் தவறாது. ஒருநாள் நான், "டேய், நல்லாத் தாளம் போடுறியே" என்றேன். உடனே கையை மடியில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவேயில்லை. பரீட்சைக்குப் படிக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்து நாலு வருஷம் கழித்து, 2014இல், அவன் தாத்தா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. வானூர் பக்கம் அவன் ஊர். போனேன். தெருமுனையில் சருகும் வைக்கோலும் போட்டு நெருப்பு மூட்டி, நாலைந்து பேர் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் இவன். நெருப்புக்கு மேலே பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறான், விரலால் தட்டிப் பார்க்கிறான், இன்னும் கொஞ்சம் காட்டுகிறான். அப்புறம் எழுந்து தோளில் மாட்டி அடித்தான் பாருங்கள், எனக்கு உடம்பே அதிர்ந்தது. சாயங்காலம் எல்லாம் முடிந்து தனியாக உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "நாலு வருஷம் ஒண்ணா இருந்தோம். ஒரு வார்த்தை சொல்லலியேடா." அவன் சொன்னான், "நீ கேட்டியா?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பார்க்க வந்தபோது ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்தான். 'வடு'. குணசேகரன் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. 2005இல் காலச்சுவடு வெளியிட்டது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்.

குணசேகரன் பிறந்தது 1955 மே 12. இப்போது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் மாரந்தை என்ற ஊர், இளையான்குடிக்குப் பக்கம். அன்றைக்கு அது ராமநாதபுரம் மாவட்டம். வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால் விவசாயம். ஒடுக்கப்பட்ட சாதியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளையான்குடியில் பள்ளிப் படிப்பு, அங்கேயே ஜாகிர் உசேன் கல்லூரியில் புகுமுக வகுப்பு. பிறகு சிவகங்கை, மதுரை என்று மேற்படிப்பு. நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம்.

இளையான்குடி நம்ம கோட்டக்குப்பம் மாதிரியே முஸ்லிம்கள் நிறைந்த ஊர். அங்கே முஸ்லிம் வீடுகளில் தன்னைச் சாதி பார்க்காமல் நடத்தியதையும், அந்த ஊரை விட்டுக் கிராமத்துப் பக்கம் போனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து நடக்கிற தெரு வரைக்கும் சாதி எதிரே வந்து நின்றதையும் அவர் அடுத்தடுத்து எழுதிக்கொண்டு போகிறார். படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. எங்க நன்னியிடம்கூட அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டினேன். நன்னி கேட்டுவிட்டு, "ஒன்கூடப் படிச்ச அந்தப் புள்ள நோன்புக் கஞ்சிக்கு நம்ம வீட்டுக்கு வந்திருக்கானா?" என்று கேட்டார். நாலு வருஷம் ஒரே பெஞ்சு. வந்ததில்லை. நான் கூப்பிட்டதில்லை. பெருமை அன்றைக்குச் சாயங்காலமே இறங்கிவிட்டது.

அதே புத்தகத்தில் பள்ளிக்கூடத்து உதவித்தொகைக்காக வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லும் இடம் வரும். என் தோழன் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தான். எதுவும் எழுதவில்லை, கோடு மட்டும்தான். எங்கள் வகுப்பிலும் முதலாண்டில் உதவித்தொகைச் சுற்றறிக்கை வாசித்தார்கள். யார் யார் எழுந்தார்கள் என்று நாங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். கடைசி பெஞ்சில் அவன் விரல் ஏன் நின்றது என்று எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இனி பாட்டுக்கு வருகிறேன்.

குணசேகரன் மாணவராக இருந்த காலத்திலேயே இடதுசாரி மேடைகளில் பாட ஆரம்பித்துவிட்டார். அந்த மேடைகளுக்கு ஒரு மரபு உண்டு. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் ஊர் ஊராகப் போய்ப் பாடியதும் அந்த மாதிரி மேடைகளில்தான். பேச்சாளர் வருவதற்கு முன்னால் கூட்டத்தைச் சேர்க்கிற வேலை பாடகருடையது. மைக் சரியாக இருக்காது, பக்க வாத்தியம் இருக்காது. குரலும் சொல்லும் மட்டும்தான் கைமுதல். அப்படிப் பாடிப் பழகிய தொண்டை அது. பிறகு 'தன்னானே' என்று ஒரு கலைக்குழு கட்டினார். ஒலிநாடாக்கள் வந்தன. தமிழ்நாடு முழுக்கச் சுற்றிப் பாடினார்கள்.

'தன்னானே' என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடிப் பிரயோஜனமில்லை. நடவுப் பாட்டு, கும்மி எதுவானாலும் சொல் தொடங்குவதற்கு முன்னால் அதுதான் வரும். ஆனால் வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். வயலில் முன்பாட்டுக்காரி ஒரு வரி சொல்வாள், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த வரியைக் கட்டிவிட வேண்டும். எழுதி வைத்ததைப் பார்த்துப் பாடுவதில்லை. வரப்பில் நிற்கிற ஆண்டையின் குடை, அன்றைக்குத் தராமல் விட்ட கூலி, யாரோ வீட்டுக் கல்யாணம் எல்லாம் அந்த நிமிஷத்திலேயே பாட்டுக்குள் வரும். 'தன்னானே' அவளுக்கு யோசிக்க நேரம் தருகிறது, மற்றவர்களின் கையை ஒரே கதிக்குக் கொண்டு வருகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் பஃபரும் அதுதான், கிளாக்கும் அதுதான். இன்றைக்குப் பாட்டு எழுதித் தானே பாடுகிறவர்களைப் பெரிய புதுமையாகப் பேசுகிறோம். நம் வயல்களில் கூலிக்குப் போன பெண்கள் காலங்காலமாகச் செய்த வேலை அது. அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாட்டுகளைப் பாட்டு என்றே மதிக்காத காலம் ஒன்று இருந்தது. பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. அவரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் பாடுபட்டுத்தான் இது படிப்புக்குரிய விஷயமானது. ஆனால் பெரும்பாலும் ஆய்வாளர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர். கிழவி பாடுவாள், பேராசிரியர் எழுதிக்கொள்வார். மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதியர் ஆய்வும் மேடையும் சேர்த்து நடத்தினார்கள். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குணசேகரனும் இரண்டையும் செய்தார், கூடவே மூன்றாவது ஒன்றும் அவரிடம் இருந்தது. அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர்களின் சேரியிலிருந்தே அவர் வந்தார். 'நாட்டுப்புறம்' என்று பொதுவாகச் சொன்னால் அதற்குள் ஊர் எது, சேரி எது என்று தெரியாமல் போகிறது என்று கண்டு, 'சேரிப்புறவியல்' என்று தனியாக ஒரு பெயரே வைத்துப் புத்தகம் எழுதினார். 'தலித் அரங்கியல்' எழுதினார். 'பலி ஆடுகள்' என்ற நாடகம் 1990களில் தமிழ் தலித் நாடகத்துக்குத் தொடக்கம் மாதிரி அமைந்தது. அவர் ஆய்வு நூல்கள் எல்லாம் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். சிலதைப் படித்தால் மேடைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக முடித்த மாதிரி இருக்கும். பாட்டில் அந்த அவசரம் கிடையாது.

அவர் குரலோடு சேர்ந்தே பலருக்கும் ஞாபகம் வரும் பாட்டு 'மனுசங்கடா'. எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்த சாகுல் ஹமீது, சென்னை புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். அந்தப் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் குடிசையோடு எரிந்துபோன 44 பேர் நினைவுக்கு வராமல் இருக்காது. தஞ்சாவூர்ச் சீமைக்குப் போவானேன், நம்ம விழுப்புரத்திலேயே 1978 ஜூலையில் 12 பேரைக் கொன்றார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. இதே மாவட்டத்தில் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனேன், ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, இது எங்கே நடந்தது, வேறு எங்கெல்லாம் நடந்தது என்று தேடப் போய்த்தான் எனக்கு விழுப்புரம் தெரிந்தது.

இன்குலாப் எழுதிய எழுத்து புத்தகத்தில் இருந்தால் கவிதை வாசகர்கள் படித்திருப்பார்கள். குணசேகரன் தொண்டை வழியாகப் போனதால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைத் தங்கள் பாட்டாக வைத்துக்கொண்டார்கள். அம்ஷன் குமார் 2017இல் எடுத்த படத்துக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார்.

'வடு'வை முடித்ததும் தோழனுக்குப் போன் பண்ணினேன். "அவர் நம்ம காலாப்பட்டுலதானே இருக்கார், ஒருநாள் போய்ப் பார்க்கலாமா?" "போலாம்டா" என்றான். எனக்கு அப்போது குஜராத்தில் சைட். அடுத்த லீவுக்கு என்று வைத்துக்கொண்டோம். அந்த லீவில் தங்கச்சி நிக்காஹ் வந்தது. அதற்கடுத்த லீவில் அவனுக்குக் குழந்தை பிறந்தது. 2016 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை, குணசேகரன் புதுச்சேரியில் காலமானார். அறுபது வயசு. அதே நாள்தான் ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவும் போனது. எனக்கு இரண்டு செய்தியும் ஒரே ராத்திரியில், ஒரே போனில், என் தோழனிடமிருந்து வந்தது. "பாத்தியா?" என்று மட்டும் அனுப்பியிருந்தான். அந்த வருஷம் டிசம்பர் முதல் தேதி இன்குலாப்பும் போய்விட்டார்.

இன்றைய மாணவர்கள், 'இதெல்லாம் பழைய கதை' என்று நினைக்கலாம். அறிவு என்ற பையனை உங்களுக்குத் தெரியும். அரக்கோணத்துக்காரர், நம்மைப் போலப் பொறியியல் படித்தவர். 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை நீங்கள் எல்லோரும் ஆடிப் பார்த்தீர்கள். அதன் அடியில் இருப்பது அவர் பாட்டி வள்ளியம்மாளின் இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்க்கையும், அங்கிருந்து திரும்பி வந்தவர்களின் கதையும். அடுத்த வருஷமே, அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதைச் செய்தவர்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. நான் அதில் தீர்ப்புச் சொல்கிற ஆளில்லை. ஆனால் நடவு வயலில் பாடியவளின் பெயர் எழுதப்படாமல் போனதற்கும் இதற்கும் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. இப்போது கேட்கவாவது கேட்கிறார்கள்.

நடுவில் ஒரு சின்ன இயற்பியல் சொல்லிக்கொள்கிறேன், பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். பறை என்பது மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டிய தோல். தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இளகும், விறைப்பு குறையும். விறைப்பு நாலில் ஒரு பங்கானால் சுருதி பாதியாக இறங்கிவிடும். நம்ம ஊர் மாதிரிக் கடலோரத்தில் சாயங்காலக் காற்று திரும்பியதும் அரை மணியில் சத்தம் 'பொத்' என்றாகிவிடும். அதனால்தான் நெருப்பு. ரமளானில் சஹருக்கு நம்மை எழுப்பிக்கொண்டு வரும் பக்கீர் பாவாவும் தன் தப்ஸை டீக்கடை அடுப்பில் காட்டிவிட்டுத்தான் அடிப்பார், சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். இந்தத் தோலும் அந்தத் தோலும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படும். கலைவிழாவில் நாங்கள் வைத்திருந்த அட்டைப் பறைக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன வருஷம் நம் கல்லூரி மாணவர்கள் சிலர் பறை கற்றுக்கொள்ள வேண்டும் என்று சங்கத்திடம் கேட்டார்கள். பதினோரு பேர், அதில் நாலு பெண்கள். சங்கம் என் தோழனைக் கேட்டது. அவன் முதலில் மாட்டேன் என்றான். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டான்: கற்றுக்கொள்கிறவர்கள் ஒரு தடவையாவது அவன் தெருவுக்கு வர வேண்டும், அவன் வீட்டில் சாப்பிட வேண்டும், அங்கே இருக்கும் பெரியவர்களிடம் இரண்டு அடியாவது கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டுப் பேர் போனார்கள். மூன்று பேர் வீட்டில் விடவில்லை என்றார்கள். எட்டுப் பேருக்குத்தான் கற்றுக் கொடுத்தான். அந்த மூன்று பேர் விஷயத்தில் அவன் செய்தது சரியா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. "வீட்டுல விடலைன்னா அந்தப் புள்ளைங்க என்ன பண்ணும்?" என்பது என் கட்சி. "அதைத்தான்டா நானும் சின்ன வயசுல இருந்து கேக்குறேன்" என்பது அவன் கட்சி.

அந்த எட்டுப் பேரும் இப்போது மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறார்கள். தென்னஞ்சருகு போதவில்லை என்று சமையல்காரரிடம் விறகு கேட்டு வாங்கிப் போனதைப் பார்த்தேன். கடல் காற்று வேறு திரும்பிவிட்டது. தோல் ஏறிவிட்டதாக வாசலில் நின்று கையைக் காட்டுகிறான். இதற்கு மேல் நான் பேசினால் மறுபடியும் முதலிலிருந்து காய்ச்ச வேண்டியிருக்கும்.